பழைய கல் கணப்பு: ஆசிட் எந்த அளவில் கலக்கணும்?

சாம்பல்வாளி
வணக்கம். பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறோம். கூடத்தில் கல்லால் கட்டிய கணப்பு (தேடி வருகிறவர்களுக்காக இன்னொரு பெயரும்: ஃபயர்பிளேஸ்). பல வருஷம் நல்லா எரிஞ்ச கணப்பு, பார்த்தாலே தெரியுது. வாய்க்கு மேலே உள்ள குறுக்குக் கல்லில் விசிறி விரிச்ச மாதிரி கரி. இடது தூண்கல்லில் யாரோ வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு பாதியில் விட்டிருக்காங்க. கல் சந்துகளில் அங்கங்கே சிமெண்ட் ஒட்டு. உள்ளே பின்சுவர்க் கல்லை விரலால் தொட்டால் மணலா கொட்டுது. வாயின் உள் ஓரம் நெடுக ஒரு சிவந்த கறை, காவி பூசின மாதிரி. எவ்வளவு தேய்ச்சும் அசையலை.

திட்டம் இதுதான். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்கியாச்சு. டிரில்லில் மாட்டுற கம்பிச் சக்கரமும் வாங்கியாச்சு. சனிக்கிழமை ஆசிட், ஞாயிறு கம்பி, திங்கள் பளபளன்னு வார்னிஷ் ரெண்டு கை. கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஆசிட்டுக்குத் தண்ணீர் எந்த அளவில் கலக்கணும்?

பழையவீட்டுக்காரி
மூடியைத் திறக்காதீங்க. அப்படியே கொண்டுபோய் வெளியே வைங்க.

நான் செய்துட்டுத்தான் சொல்றேன். எங்க கணப்பு வெளிர் மஞ்சள் கல். தூண் ரெண்டிலும் ஓரத்தில் மெல்லிசா ஒரு வரிவேலை ஓடும், கயிறு முறுக்கின மாதிரி. வேலைக்கு வந்த ஆள் ஒரு வாளியில் ஆசிட்டைக் கலந்து பிரஷ்ஷால் அடிச்சார். சொய்ய்ய்னு நுரைச்சுது. நுரை வடியிற இடமெல்லாம் வெளுத்துக்கிட்டே வந்தது. நான் பக்கத்தில் நின்னு "ஆஹா, அழுக்கு எப்படிப் போகுது பாருங்க"ன்னு சந்தோஷப்பட்டேன். மறுநாள் காய்ஞ்சதும் கையை வெச்சுப் பார்த்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. கயிறு வேலையைக் காணோம், மேடு பள்ளமா ஒரு தடம் மட்டும் இருந்தது. ரெண்டு வாரத்தில் கல் முழுக்க மஞ்சளும் பழுப்புமா திட்டுத்திட்டா கறை வேற வந்தது. வெறும் கரியோட இருந்தப்போ எவ்வளவு அழகா இருந்ததுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

உளிச்சத்தம்
தம்பி, கலக்கும் அளவு அப்புறம். மொதல்ல அது என்ன கல்லுன்னு சொல்லுங்க. "கல்"னு சொல்றது "மரம்"னு சொல்ற மாதிரி. தேக்குக்கும் முருங்கைக்கும் ஒரே வைத்தியமா?

மூணு சோதனை பண்ணுங்க. மூணையும் கண்ணில் படாத மூலையில், கை அகலத்துக்குள்ள.

ஒண்ணு, ஒரு சொட்டு வினிகர். காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க, கண்ணுக்குத் தெரியாட்டியும் பொரியிற சத்தம் வரும். வந்தா சுண்ணாம்புக்கல், இல்லன்னா பளிங்கு. சோதிச்ச உடனே தண்ணியால கழுவிடுங்க.
ரெண்டு, ஒரு சொட்டு தண்ணி. மேலேயே முத்து மாதிரி நிக்குதா, உறிஞ்சுதா, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுதுன்னு பாருங்க.
மூணு, இரும்பு ஆணியால ஒரு கீறல். கீறல் விழுந்தா மெத்துக் கல்லு. ஆணியோட கோடு மட்டும் வெள்ளிக்கம்பி மாதிரி கல்லு மேல நின்னா கெட்டிக் கல்லு.

ஒரே கணப்பில் மூணு வகைக் கல் இருக்கலாம். ஒவ்வொண்ணையும் தனியாப் பாருங்க.

சாம்பல்வாளி
பார்த்துட்டேன். உளிச்சத்தம் ஐயா சொன்னது சரி, மூணும் மூணு விதம்.

தூண்கல், குறுக்குக்கல்: வினிகர் பட்டதும் சத்தம். ஊசி முனை மாதிரி குமிழ் வரிசையா ஏறுது. தண்ணீர் அரை நிமிஷத்தில் உள்ளே போயிடுச்சு. ஆணி கீறுது.
தரையில் போட்ட பலகை: கருஞ்சாம்பல் நிறம், அடுக்கடுக்கா ஓரம். சத்தமில்லை, தண்ணீர் அப்படியே நிற்குது.
பின்சுவர்: வினிகருக்கு அசைவில்லை. தண்ணீர் சொட்டு விழுந்த சத்தம்கூட கேட்கலை, அதுக்குள்ள குடிச்சிடுச்சு. தொட்டா மணல்.

ஆசிட் பாட்டில் வெளியே, பூட்டின கொட்டகையில் இருக்கு.

கல்வேதி
முன்பக்கம் சுண்ணாம்புக்கல், தரை பலகைக்கல் (ஸ்லேட்), பின்சுவர் மணற்கல். விளக்கத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைக்கும், அப்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறும். பழையவீட்டுக்காரி பார்த்த நுரை அதுதான். கரிக்கு அமிலத்தால் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் கரி வெறும் கார்பன். கரி ஒட்டியிருந்த தோல் கரைந்து ஓடியதால் கரியும் கூடவே போனது. கல்லுக்குள் இரும்புச் சத்து இருந்தால் அமிலம் அதையும் கிளறி மேலே கொண்டுவரும். இரண்டு வாரத்தில் வந்த பழுப்புக் கறை அந்த இரும்பு துருப்பிடித்தது. மணற்கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். சில மணற்கற்களில் மணிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதே சுண்ணாம்புதான். சந்துகளில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்துக்கும் அதே கதி. அமிலத்தின் ஆவி பட்டால் கணப்பின் இரும்புத் தட்டி, புகைவழித் தகடு எல்லாம் ஓரிரு நாளில் துருப்பூக்கும்.

இனி அந்தச் சிவப்பு. அது கறை இல்லை. மஞ்சள் சாயல் உள்ள சுண்ணாம்புக்கல்லில் இரும்பு, நீர் சேர்ந்த ஆக்சைடாக இருக்கிறது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த நீர் போய் ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது, நிறம் இளஞ்சிவப்பாகிறது. செங்கல் சுடும்போது சிவப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். கல்லின் உள்ளே நடந்த மாற்றம் என்பதால் எந்தச் சோப்பும் எந்த பிரஷ்ஷும் அதைத் திருப்பாது. தேய்த்துக்கொண்டே போனால் சிவப்பு தீருவதற்குள் கல் தீர்ந்துவிடும்.

பின்சுவர் மணலாகக் கொட்டுவதும் சூட்டின் வேலையே. மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறி சட்டென்று விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. பல நூறு முறை இப்படி நடந்தால் மணிகளுக்கு இடையே பிடிப்பு விட்டுப்போகும்.

சாம்பல்வாளி
அப்போ சிவப்பு நிரந்தரம்தானா? அதை எடுக்கத்தான் கம்பிச் சக்கரமே வாங்கினேன்.

உளிச்சத்தம்
நிரந்தரம். கம்பிச் சக்கரத்தைக் கல்லு பக்கமே கொண்டு போகாதீங்க. எஃகு நுணுக்கு கல்லு துளைக்குள்ள போய் உட்காரும், ஈரம் பட்டா ஒவ்வொண்ணும் ஒரு துருப்புள்ளி. அந்த இரும்புத் தட்டியைத் தேய்க்க வெச்சுக்குங்க. கல்லுக்கு நைலான் பிரஷ், தேங்காநார் பிரஷ். அதுக்கு மேல வேணாம்.

வேகவண்டி
எதுக்கு இவ்வளவு பாடு? சாண்ட் பிளாஸ்டிங் பண்ணுங்க. ஒரு மணி நேரம். புதுசு மாதிரி ஆகிடும். நான் பண்ணினேன், நல்லாத்தான் இருக்கு.

உளிச்சத்தம்
உங்களுது என்ன கல்லு?

வேகவண்டி
கருங்கல்.

உளிச்சத்தம்
அதான் தப்பிச்சுது. சுண்ணாம்புக்கல்லு, மணற்கல்லு ரெண்டும் குவாரியில் வெட்டும்போது ஈரமா இருக்கும். அந்த ஈரம் வெளியே வந்து காயும்போது கரைஞ்ச சத்தையும் கூட்டிட்டு வந்து மேல ஒரு கெட்டித் தோலாப் படியும். மணலை அடிச்சு அந்தத் தோலை உரிச்சிட்டா உள்ளே இருக்கிறது மாவு. அப்புறம் வருஷா வருஷம் உதிரும். கொத்தனார் உளி வெச்ச தடமும் போயிடும். கூடத்துக்குள்ள மணல் தூசு பறந்தா நுரையீரலுக்கு ஆவுறது தனிக் கதை.

வேகவண்டி
சரி ஐயா, கருங்கல்லுக்கு மட்டும்னு திருத்திக்கிறேன். ஆனா புதுசு மாதிரி இருக்குங்கிறதை மாத்த மாட்டேன்.

புகைக்கூண்டு
எல்லாரும் முன்பக்கத்தையே பார்த்துப் பேசறீங்க. மேலே யாராவது பார்த்தீங்களா? முகத்தைத் துடைச்சு முடிச்ச பிறகு புகைபோக்கி சுத்தம் பண்ண ஆளைக் கூப்பிட்டா, ஒரு பிரஷ் இறங்கினதும் மொத்தக் கரியும் துடைச்ச கல் மேலதான் கொட்டும். புகைபோக்கி முதல், முகம் கடைசி.

அழகை விடுங்க, உயிர் விஷயம் இது. விறகுப் புகை புகைவழியில் ஏறும்போது ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே ஆறிட்டா, அதிலிருக்கிற தாரும் ஈரமும் சுவரில் படியும். கிரியோசோட்னு பேர். மூணு பருவம். முதலாவது பொடி, பிரஷ்ஷில் வந்துடும். ரெண்டாவது பளபளன்னு செதில், கொஞ்சம் கஷ்டம். மூணாவது கண்ணாடி மாதிரி உருகி இறுகின தார், சாதா பிரஷ் அதில் வழுக்கும். அது தீப்பிடிச்சா புகைவழிக்குள்ள சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். ரயில் போற மாதிரி இரைச்சல் கேட்கும். ஈர விறகை எரிக்கிறவங்க வீட்டில்தான் இது சீக்கிரம் சேரும். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும்.

வேலைக்கு முன்னாடி இன்னும் சில. சாம்பலுக்கு அடியில் கங்கு ரெண்டு மூணு நாள்கூட உயிரோட இருக்கும், அதனால கடைசித் தீ எரிஞ்சு நாலு நாளாவது ஆகணும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே வைங்க (உங்க பேருக்கு ஏத்த வேலை). பழைய கணப்பில் கயிறோ, சாம்பல் நிறப் பலகையோ அடைச்சிருந்தா கிழிக்காதீங்க, ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அந்த நார்த்தூசு நுரையீரலுக்கு ஆபத்து. பரிசோதிச்சுட்டுத் தொடுங்க.

முகமூடி கட்டாயம். துணி முகமூடி போதாது, நுண்தூசு வடிகட்டுறது வேணும். பெர்சிவால் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதிவெச்சார், புகைபோக்கிக்குள் ஏறி இறங்கின பையன்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்று வந்ததற்குக் கரிதான் காரணம்னு. ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு சொன்ன முதல் பதிவுகளில் ஒண்ணு அது. கரியை விளையாட்டா நினைக்காதீங்க.

ஓரமாய்ப்படிப்பவன்
வீட்டு வேக்குவம் கிளீனரால் கரியை உறிஞ்சலாமா? நண்பருக்காகக் கேட்கிறேன்.

புகைக்கூண்டு
உங்க நண்பர் வீட்டு வெள்ளைச் சுவரெல்லாம் இப்போ என்ன நிறம்?

கரித்தூள் சாதாரணப் பையில் நிற்காது. முன்னால் உறிஞ்சி பின்னால் ஊதும். ஹெப்பா வடிகட்டி (நுண்தூசையும் பிடிச்சு வெச்சுக்கிறது) உள்ளதுதான் வேணும். சூடான சாம்பலை எதாலும் உறிஞ்சக் கூடாது.

ஓரமாய்ப்படிப்பவன்
சாம்பல் நிறம். நண்பர் நன்றி சொல்லச் சொன்னார்.

சாம்பல்வாளி
ஒரு வாரம் கழிச்சு வரேன். புகைபோக்கிக்காரர் வந்து பார்த்தார். கீழ்ப்பகுதி பொடிதான், சுலபமா வந்துடுச்சு. மேலே வளைவில் ரெண்டு அடிக்குக் கண்ணாடித் தார். அதுக்குத் தனியா ஒரு நாள் வந்து சுழல் சங்கிலி போட்டு எடுத்தார். உச்சியில் மூடி இல்லை, பழைய பறவைக் கூடு ரெண்டு வாளி வந்தது. மழைத் தண்ணீர் நேரா உள்ளே இறங்கியிருக்கு. பின்சுவர் இவ்வளவு கெட்டுப்போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொன்னார். மூடி போட்டாச்சு.

அவர் இன்னொண்ணும் கேட்டார்: "வாய்க்கு மேலே விசிறி மாதிரி கரி ஏன் வந்ததுன்னு யோசிச்சீங்களா? துடைச்சாலும் ரெண்டு மாசத்தில் திரும்ப வரும்." எனக்குப் பதில் தெரியலை.

புகைக்கூண்டு
நல்ல ஆள்தான் வந்திருக்கார். கரி வெளியே ஏறுதுன்னா புகை கூடத்துக்குள்ள வழியுதுன்னு அர்த்தம். கணப்பு வாயின் பரப்பு பெரிசு, புகைவழி சின்னது. பொதுவா புகைவழியின் குறுக்குப் பரப்பு, வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்கணும். உயரம் குறைஞ்ச புகைபோக்கிக்கு இன்னும் கூட வேணும்.

இது பழைய தலைவலி. ரம்ஃபோர்டு பிரபுங்கிற விஞ்ஞானி 1796-ல் இதுக்குன்னே ஒரு கட்டுரை எழுதினார். அடுப்புக் குழியின் ஆழத்தைக் குறைச்சு, பக்கச் சுவர்களைச் சாய்ச்சு, புகை ஏறுற தொண்டையை ஒடுக்கினார். சூடு அறைக்குள்ள கூடுதலா வந்தது, புகை ஒழுங்கா மேலே போச்சு.

உங்களுக்கு இடிச்சுக் கட்டத் தேவையில்லை. ஒரு உலோகத் தகட்டை வாயின் மேல் விளிம்பில் குறுக்கே பிடிங்க. சின்னத் தீ போட்டு, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறக்குங்க. எந்த உயரத்தில் புகை வெளியே வர்றது நிற்குதோ அங்கே குறிச்சுக்குங்க. அந்த அளவுக்கு நிரந்தரமா ஒரு தகட்டுப் பட்டி மாட்டினா போதும். ஆனா பின்சுவரைச் சரி பண்ணாம தீ போடாதீங்க.

கல்வேதி
இப்போது முகத்துக்கு வரலாம். வரிசை முக்கியம்: உலர், பிறகு ஈரம், பிறகு பற்று (கறையை உறிஞ்ச அப்பும் களிமண் பூச்சு). எடுத்த எடுப்பில் தண்ணீரை ஊற்றினால் கரி கரைசலாகிக் கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். அதை வெளியே எடுப்பது பத்து மடங்கு பாடு.

உலர் வேலைக்கு மெல்லிய பிரஷ், ஹெப்பா வேக்குவம், அதன்பின் வல்கனைஸ் செய்த ரப்பர் ஸ்பாஞ்சு. தீப்பிடித்த வீடுகளைச் சுத்தம் செய்கிறவர்கள் வைத்திருப்பார்கள், கரி ஸ்பாஞ்சு என்று கேட்டாலே தருவார்கள். அதை நனைக்கக் கூடாது. அழுத்தித் தேய்க்காமல் மேலிருந்து கீழே ஒரே திசையில் ஒற்றி இழுக்க வேண்டும். கறுத்த பக்கத்தைக் கத்தியால் சீவிவிட்டு அடுத்த பக்கத்தைப் பயன்படுத்தலாம்.

ஈர வேலைக்கு நடுநிலை பிஹெச் உள்ள (அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத), நிறமும் மணமும் இல்லாத சோப்புக் கரைசல். முதலில் கல்லை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். துளைகள் தண்ணீரால் நிறைந்திருந்தால் அழுக்குக் கரைசலுக்கு உள்ளே இடமிருக்காது. கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். மேலிருந்து தொடங்கினால் உலர்ந்த கல்லில் கரிநீர் வழிந்து கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கோடு போகாது.

ஓரமாய்ப்படிப்பவன்
அடுப்பு சுத்தம் பண்ற நுரை ஸ்ப்ரே அடிச்சா கரி உடனே கரையுதாமே? இன்னொரு இடத்தில் டிரைசோடியம் பாஸ்பேட் சிபாரிசு பண்ணியிருந்தாங்க.

கல்வேதி
நுரை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். கரையும், மறுக்கவில்லை. ஆனால் துளையுள்ள கல்லுக்குள் போன காரம் முழுதாகக் கழுவப்படாது. மிஞ்சியது உப்பாகும், உப்பு காயும்போது படிகமாக வளரும், வளரும்போது கல்லின் முகத்தைத் தள்ளும். வெள்ளையாக உப்புப் பூத்து, பின்னால் பொருக்குப் பொருக்காக உதிரும். டிரைசோடியம் பாஸ்பேட்டும் அதே குடும்பம். சுட்ட செங்கல்லிலும் கருங்கல்லிலும் அளவோடு போட்டு நன்றாகக் கழுவினால் சமாளிக்கலாம். இந்தக் கல்லுக்கு வேண்டாம்.

வாசிக்கிற எல்லாருக்கும்: வெளுப்பானையும் அமிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு. வெளுப்பானோடு அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயு. "இது போகலை, அதையும் ஊத்திப் பார்ப்போம்" என்கிற பழக்கமே இந்த வேலையில் ஆபத்து.

சாம்பல்வாளி
நாலு சாயங்காலம் ஆச்சு. ஸ்பாஞ்சு வேலை மனசுக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு இழுப்புக்கு ஒரு விரல்கடை அகலத்துக்குக் கல் வெளியே வருது. ஒன்பது ஸ்பாஞ்சு தீர்ந்தது. சோப்பு வேலையில் முதல் வாளித் தண்ணீர் மை மாதிரி, ஏழாவது வாளி வெறும் கலங்கல். அவசரத்தில் வலது மூலையில் மேலிருந்து தொடங்கிட்டேன், கல்வேதி சொன்ன கோடு ரெண்டு அப்படியே இருக்கு. யாரும் சொன்னா நம்ப மாட்டோம்ல.

குறுக்குக்கல் நடுவில் மட்டும் எண்ணெய் மாதிரி ஒரு பழுப்பு நிழல். ஈரப் பஞ்சை வெச்சு எடுத்தா பஞ்சு தேநீர் நிறமா வருது, கல்லில் அப்படியே இருக்கு. அடுத்தது பற்றா?

பழையவீட்டுக்காரி
பற்றுதான். வீங்கின காலுக்குப் பத்துப் போடுற மாதிரியே. வெள்ளைக் களிமண்ணை (கயோலின்) வாங்கி, சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கரைச்சு, பற்பசை பதத்துக்குக் குழைங்க. கல்லை முதல்ல வெறும் தண்ணீரால் நனைங்க. கறைக்கு ரெண்டு விரல் வெளியே வரைக்கும், ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்க. காற்றுக் குமிழ் இல்லாம அழுத்துங்க. பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரம் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அப்புறம் தாளை எடுத்துட்டுக் காய விடுங்க. காயும்போதுதான் அது கறையை வெளியே இழுக்கும், அந்தப் பகுதியில் பொறுமை போயிடுச்சுன்னா எல்லாம் வீண்.

என் கல்லில் அந்த ஆசிட் பழுப்பைக் கொஞ்சமாவது குறைச்சது பற்று ஒண்ணுதான்.

கல்வேதி
அத்தோடு ஒன்று. கடைசியில் வெறும் தண்ணீரில் குழைத்த களிமண்ணால் இன்னொரு பற்றுப் போடுங்கள். முதல் பற்று விட்டுப்போன சோடியம் உப்பை அது வெளியே எடுத்துவிடும்.

சாம்பல்வாளி
முதல் பற்று சொதப்பல். மெல்லிசா போட்டுட்டேன், ராத்திரியே காய்ஞ்சு உதிர்ந்தது. ரெண்டாவது கனமா. மூணாம் நாள் வறண்ட குளத்துச் சேறு மாதிரி வெடிச்சு ஓரம் தூக்கிக்கிட்டு நின்னது. மரக்கரண்டியால் நெம்பினா சில்லு சில்லா வருது, ஒவ்வொரு சில்லுக்கும் அடிப்பக்கம் பழுப்பு, மேல்பக்கம் வெள்ளை. அடிப்பக்கத்தைப் பார்த்ததும் குதிச்சேன். மூணு தடவை போட்டாச்சு. நிழல் இன்னும் இருக்கு, தெரிஞ்சு பார்த்தால்தான் தெரியும்.

உளிச்சத்தம்
அங்கேயே நிறுத்துங்க தம்பி. அடுத்த தடவை போட்டா பக்கத்துக் கல்லை விட வெளுத்துப்போய், அப்புறம் அதுக்கு ஈடா மத்ததை வெளுக்க ஆரம்பிப்பீங்க.

வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டலையே?

சாம்பல்வாளி
இல்லை. சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்தேன், ஈயம் இருக்குன்னு சிவப்பு காட்டிச்சு. வீட்டில் கைக்குழந்தை இருக்கு. அதனால அதை மட்டும் ஈயப் பெயிண்ட் எடுக்கப் பயிற்சி பெற்ற ஆளிடம் விட்டேன். பசை தடவி, மேலே தாள் ஒட்டி, ஈரமாவே உரிச்சு எடுத்துட்டுப் போனாங்க. துளி தூசு இல்லை.

அடுத்து சந்து. சிமெண்டை எடுக்கணுமா, அப்படியே விடலாமா?

உளிச்சத்தம்
எடுக்கணும், ஆனா எல்லாத்தையும் இல்ல. தட்டினா டொக்குனு பொள்ளல் சத்தம் வர்றதையும், கல்லை விட்டு விலகி நிக்கிறதையும் எடுங்க. சிக்குனு பிடிச்சுக்கிட்டு இருக்கிறதை நோண்டினா கல்லு ஓரம் பேரும். கிரைண்டர் வேணாம். ஒரு தடவை வழுக்கினா கல்லுல ஆயுசுக்கும் கோடு. ஒடுங்கின உளி, சின்னச் சுத்தி, பொறுமையா.

சிமெண்டு ஏன் கூடாதுன்னா, அது கல்லை விடக் கெட்டி, மூச்சும் விடாது. சூட்டில் கல்லு அசையும்போது சந்து விட்டுக் கொடுக்கணும். விட்டுக் கொடுக்கலைன்னா கல்லு ஒடையும். ஈரமும் சந்து வழியா வெளியே போக முடியாம கல்லு முகம் வழியா வரும், வரும்போது உப்பைக் கொண்டு வரும். சந்து எப்பவும் கல்லை விட மெத்தா இருக்கணும். அடி வாங்கத்தான் அது இருக்கு, உதிர்ந்தா மறுபடி பூசிக்கலாம்.

ஆழம் சந்தோட அகலத்தைப் போல ரெண்டு பங்கு, குறைஞ்சது 20 மில்லிமீட்டர். தூசியை ஊதி, நனைச்சு, சுண்ணாம்புச் சாந்தை நல்லாத் திணிங்க. நீரில் இறுகும் சுண்ணாம்பில் 3.5 ரகம், ஒண்ணுக்குக் கூர்மணல் ரெண்டரை அல்லது மூணு. ரெண்டு தடவையா நிரப்புங்க. கல்லு மேல இழுகாதீங்க. கொஞ்சம் இறுகினதும், விரல் நகம் வெச்சா தடம் விழணும், ஆனா ஒட்டக்கூடாது, அப்போ முரட்டு பிரஷ்ஷால் குத்துங்க. மேலே படிஞ்ச சுண்ணாம்புப் பால் போய் மணல் தெரியும், பழைய சந்தோட சேர்ந்துக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வறளாம பாத்துக்குங்க. குளிர் 5 டிகிரிக்குக் கீழே போற நாளில் செய்யாதீங்க.

இது முகத்துக்கு மட்டும். தீ படுற குழிக்குள்ள சுண்ணாம்பும் நிக்காது, சிமெண்டும் நிக்காது. உள்ளே தீக்களிமண், இல்லன்னா உலைக்குன்னு விக்கிற சூடு தாங்கும் சாந்து. அதை மெல்லிசா, 3 மில்லிமீட்டருக்குள்ள பூசணும்.

புகைக்கூண்டு
பின்சுவருக்கு: மணலா கொட்டுற கல்லை எதைப் பூசியும் காப்பாத்த முடியாது. அதுக்கு முன்னாடி தீச்செங்கல் ஒரு வரிசை கட்டுங்க, கொஞ்சம் முன்னால் சாய்ச்சு. முன்னால் ஒரு வார்ப்பிரும்புத் தகடு நிறுத்தினா இன்னும் நல்லது. பழைய கல் பின்னால் அப்படியே இருக்கட்டும்.

ஓரமாய்ப்படிப்பவன்
கடைசியில் வார்னிஷ் என்ன ஆச்சு? சீலர் அடிச்சா அடுத்த தடவை கரி ஒட்டாதுன்னு நினைக்கிறேன்.

பழையவீட்டுக்காரி
படலமா நிற்கிற எதுவும் வேண்டாம். சூட்டில் மஞ்சளாகும், உரியும், உள்ளே ஈரத்தைப் பூட்டும். குழிக்குள் அடிச்சா எரியவே எரியும்.

கல்வேதி
படலம் கட்டாமல் கல்லுக்குள் ஊடுருவித் தண்ணீரைத் தடுக்கும் சிலேன் வகைகள் உண்டு. வெளியே மழையில் நிற்கும் கல்லுக்கு ஒரு நியாயம் சொல்லலாம். கூடத்துக்குள் இருக்கும் கணப்பு முகத்துக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தரைப் பலகைக்கு மட்டும் வேண்டுமானால் யோசிக்கலாம், அதில் ஏதாவது சிந்தும்.

சாம்பல்வாளி
வார்னிஷைத் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆசிட்டையும் அபாயக் கழிவு வாங்குற இடத்தில் ஒப்படைச்சாச்சு. கம்பிச் சக்கரம் இரும்புத் தட்டியைச் சுத்தம் பண்ணிச்சு, அதுக்குக் கிராஃபைட் பசை தடவினேன். கறுப்பா அம்சமா இருக்கு.

சாந்து காய ஒரு மாசம் விட்டேன். நேத்து முதல் தீ, ரெண்டு கை அகலத்துக்குச் சுள்ளி மட்டும். தீச்செங்கல் வேர்த்து ஆவி வந்தது, மண் நனைஞ்ச வாசம். தகட்டை இறக்கி இறக்கிப் பார்த்தேன், 11 சென்டிமீட்டரில் புகை நின்னது. மணமே இல்லாத நச்சு வாயு கார்பன் மோனாக்சைடு, அதுக்கு அலாரம் மாட்டியாச்சு, சத்தம் இல்லை. சிவப்பு ஓரம் தீ வெளிச்சத்தில் இன்னும் சிவப்பாத் தெரியுது. கூடத்துக்கு வந்தவங்க அதைத்தான் முதல்ல தொட்டுப் பார்க்கிறாங்க.

ஒரு கேள்வி மிச்சம். குறுக்குக்கல்லின் அடிப்பக்கம், படுத்துக்கிட்டு மேலே பார்த்தால்தான் தெரியும் இடத்தில், கரி போனதும் ஒரு செதுக்கல் வந்தது. கட்டைவிரல் அளவு. அம்பு மாதிரி மூணு கோடு, ஒரு கோட்டுக்குக் கால். கீறலா, எழுத்தா?

உளிச்சத்தம்
கோடு ஒரே ஆழமா, முனையில் கூராகி முடியுதா?

சாம்பல்வாளி
ஆமா. மூணும் ஒரே மாதிரி.

உளிச்சத்தம்
அப்போ அது கீறல் இல்ல, உளி. செதுக்கினவரோட குறியா இருக்கலாம். கல்லுக்கு இத்தனைன்னு கூலி வாங்கினவங்க, எந்தக் கல்லு யாரோடதுன்னு கணக்குக்காக ஒரு அடையாளம் வெட்டுவாங்க. இல்லன்னா எந்தக் கல்லு எங்கே உக்காரணும்னு வரிசைக் குறியா இருக்கலாம். தூண்கல்லோட தலையில், ரெண்டும் சேர்ற இடத்தில் டார்ச் அடிச்சுப் பாருங்க. அங்கேயும் இதே குறி இருந்தா வரிசைக் குறி.

மெல்லிய தாளை மேல வெச்சு பென்சிலைப் படுக்க வெச்சுத் தேய்ச்சுப் படி எடுங்க. படத்தை இங்கே போடுங்க, நானும் பாக்கணும்.

சாம்பல்வாளி
தாள் எடுக்கப் போறேன். டார்ச் வெளிச்சத்தில் தூண்கல் தலையில் ஒண்ணும் தெரியலை.